வர்த்தமானியில் வந்த விஞ்ஞானம்

உளவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி முறையியல் என்றொரு பாடம் உண்டு. பாதிப் பேருக்கு அது பிடிக்காது. மனித மனத்தின் ஆழம் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்தவர்களை உட்கார வைத்து மாறி, மாதிரி, கூற்று, செல்லுபடி என்று உயிரை எடுப்பார்கள். களுபோவிலயிலிருந்து இறங்கிக் காலி வீதிக்கு வந்தால் வெள்ளவத்தை வரைக்கும் உளவியல் டிப்ளோமாப் பலகைகள். சனி ஞாயிறு வகுப்பு. தவணை முறையில் கட்டணம். முடிவில் தொப்பி, கவுன், படம்.

பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்தை நாட்டை ஆள்கிறவர்களுக்கு இலவசமாகவே சொல்லிக்கொடுத்திருக்கலாம். மூன்று கூற்று, நான்கு கேள்வி. அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலம் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால் இந்த நாட்டில் கடை எரிந்தது, பிணம் எரிந்தது, கடைசியில் வயிறும் எரிந்தது.

பாடம் இவ்வளவுதான். கூற்று மூன்று வகை. 'இத்தனை பேருக்கு இது நடந்தது' என்பது எண்ணிக்கை. 'இது கூடுகிற இடத்தில் அதுவும் கூடுகிறது' என்பது தொடர்பு. 'இதனால்தான் அது' என்பது காரணம். முதலாவதுக்கு ஒழுங்காக எண்ணத் தெரிய வேண்டும். மூன்றாவதுக்கு மூன்று படி ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடந்தனவா? காரணம் முந்தி வந்ததா? வேறெதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பது உறுதியா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாயைத் திறக்கலாம்.

செல்லுபடிக்கு நான்கு கேள்வி. அளந்ததாகச் சொல்வதைத்தான் அளந்தாயா? உன் எண் நிற்குமா? வேறு காரணம் இல்லையென்று எப்படித் தெரியும்? இங்கே கண்டது அங்கேயும் பொருந்துமா? நம் அரசியல்வாதியிடம் ஐந்தாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. இதைச் சொன்னால் எத்தனை வாக்கு? மற்ற நான்கையும் அது தின்றுவிட்டது.

முதல் பாடம் அம்பாறையில் நடந்தது. 2018 பெப்ரவரி 26, இரவு. முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவரின் கறியில் வெள்ளையாக ஒரு கட்டி. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம். காசு மேசையில் இருந்தவரைக் கும்பல் சூழ்ந்தது. போட்டாயா இல்லையா என்ற ஒரே கேள்வி. அவருக்குச் சிங்களம் சரியாக வராது. கேட்பது மாவைப் பற்றி என்று நினைத்தாரோ, அடிக்குப் பயந்தாரோ, ஆம் என்பது போல ஏதோ சொன்னார். அதைக் கைபேசியில் பிடித்தார்கள். ஆய்வு முடிந்தது.

இதைவிட நல்ல பாடக் குறிப்பு எந்தப் பேராசிரியருக்கும் கிடைக்காது. மாதிரி: ஒருவர். நேர்காணல் செய்தவர்: கும்பல். மொழி: பதில் சொல்பவருக்குச் சரியாகத் தெரியாதது. கேள்வி: விடையைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. ஒப்புதல் படிவம்: முஷ்டி. ஆய்வு வெளியீடு: பேஸ்புக். சக ஆய்வாளர் மதிப்பீடு: அன்றிரவே பள்ளிவாசல் மீது கல்.

அரசாங்கப் பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார். மா. வெறும் மாக் கட்டி. ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகில் கிடையாது என்று மருத்துவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லை. ஒரு வாரத்தில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. அங்கே தீ வைக்கக் கிடைத்த சாட்டு வேறு, ஆனால் மனங்களில் எண்ணெய் ஊற்றி வைத்ததில் அம்பாறைக் கறிக்கும் பங்குண்டு. மார்ச் 6 அவசரகால நிலை. அடுத்த நாள் பேஸ்புக்குக்குத் தடை. 2020இல் பேஸ்புக் நிறுவனமே தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. இந்த விவகாரம் முழுவதிலும் பொய் சொல்லாதது அந்த மாக் கட்டி ஒன்றுதான்.

மாத்திரை தோற்றதும் கதை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. 2019 மே 23, உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்து ஒரு மாதம். ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி. ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 சிங்களப் பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார். பெயர் போடவில்லை. அடுத்த நாளே ஆள் பிடிபட்டார்: குருணாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன்.

4,000. என்ன அழகான எண். மூன்று பூச்சியம். உண்மையான எண்ணிக்கை எதுவும் இவ்வளவு அழகாக வந்து முடியாது. எத்தனை சத்திரசிகிச்சையில் 4,000? யார் எண்ணியது? எந்தப் பரிசோதனையில் தெரிந்தது? கேள்வியில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மருத்துவர் தனியாக நிற்பதில்லை. தாதியர் நிற்கிறார்கள், மயக்க மருந்து கொடுப்பவர் நிற்கிறார், உதவியாளர் நிற்கிறார். இத்தனை கண்களுக்கு முன்னால் 4,000 தடவை ஒருவர் இரகசியம் செய்திருக்கிறார் என்றால் அவரைச் சிறையில் அல்ல, சர்க்கஸில் போட வேண்டும்.

பிறகு முறைப்பாடு சேர்க்கும் படலம். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் குறை சொல்லமாட்டேன். குழந்தைக்கு ஏங்கும் ஒரு பெண்ணிடம் பத்திரிகையும் தொலைக்காட்சியும் சேர்ந்து 'உனக்கு இதைச் செய்தவன் இவன்தான்' என்று படம் காட்டினால் அவள் வராமல் என்ன செய்வாள்? செய்தியை முதலில் பரப்பிவிட்டு, அதை நம்பியவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி எண்ணிவிட்டு, அந்த எண்ணையே செய்திக்கு ஆதாரம் என்று காட்டினார்கள். முதலாம் வருடத்துப் பிள்ளை இப்படி ஒரு ஒப்படை கொடுத்தால் விரிவுரையாளர் முகத்தில் எறிவார். இங்கே அது மாலைச் செய்தியின் தலைப்பு.

ஜூன் மாதக் கடைசியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 25 பிணை. 2022இல், நாட்டில் பஞ்சுக்கும் பனடோலுக்கும் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், நிலுவைச் சம்பளமாக அவருக்கு 26 இலட்சம் ரூபாவுக்கு மேல் கிடைத்தது. அதை அப்படியே மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்குக் கொடுத்துவிட்டார். நாலாயிரம் என்று எழுதிய கைகள் தங்கள் பங்குக்கு ஒரு ஊசி வாங்கிக் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

அடுத்தது பாணி. 2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி, மந்திரித்த தண்ணீர் முட்டியை ஆற்றில் விட்டார். கொரோனா போய்விடும் என்றார்கள். முட்டிதான் போனது. டிசம்பரில் கேகாலையிலிருந்து தம்மிக்க என்பவரின் பாணி வந்தது. தேன், சாதிக்காய், காளியம்மன் அருள். குடித்தால் ஆயுளுக்கும் கொரோனா அண்டாது என்பது கூற்று. அமைச்சர் கமராவுக்கு முன்னால் குடித்துக் காட்டினார். சபாநாயகர் கையிலும் போத்தல். பாணி கொடுத்த ஹெட்டிமுல்லவில் ஆயிரக்கணக்கான சனம், தோளோடு தோள், மூக்கோடு மூக்கு. தொற்றைத் தடுக்கும் மருந்துக்காகத் தொற்றைப் பரிமாறிக்கொண்ட உலகின் முதல் வரிசை அதுவாகத்தான் இருக்கும்.

பாணி குடித்தேன், எனக்குச் சுகம் என்றார்கள். ஐயா, கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எழும்பி நடந்திருப்பார்கள். பாணி வேலை செய்ததா என்று தெரிய வேண்டுமானால் ஒரே மாதிரியான இரண்டு கூட்டம் வேண்டும். யார் எந்தக் கூட்டம் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். ஒன்றுக்குப் பாணி. மற்றதற்கு அதே நிறம், அதே ருசி, ஆனால் வெறும் சீனிப்பாகு. யாருக்கு எது என்று குடிப்பவருக்கும் தெரியக் கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. பிறகு எண்ண வேண்டும். இந்த வேலையைச் செய்யாதவர் சொல்வது மருத்துவம் அல்ல, விளம்பரம்.

2021 ஜனவரியில் சுகாதார அமைச்சருக்கே கொரோனா. பாணி குடித்தவருக்கு வந்துவிட்டதே என்று நாடு சிரித்தது. முறையியல்படி அந்தச் சிரிப்பும் பிழைதான். ஒரே ஒருவர் சுகமாக இருப்பது பாணிக்கு வெற்றியும் இல்லை, ஒரே ஒருவருக்கு நோய் வருவது தோல்வியும் இல்லை. ஆனால் ஆயுளுக்கும் வராது என்று சொன்ன கூற்றைக் கவிழ்க்க ஒருவர் போதும். அந்த ஒருவர் அமைச்சராகவே இருந்தது நாட்டின் அதிர்ஷ்டம். அவர் பாணிக் கடைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் என்று வந்ததும் எல்லோருக்கும் ஆராய்ச்சி முறையியல் நன்றாகத் தெரிகிறது.

அந்த ஆகஸ்டில் கொழும்பு ஆஸ்பத்திரிகளில் கட்டில் போதவில்லை. தாழ்வாரத்தில் நோயாளி, தரையில் நோயாளி, ஒட்சிசனுக்கு அலையும் உறவினர். களுபோவில ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்புலன்ஸ் சத்தத்தில் இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்த ஊர் இது. அதே மாதம் 16ஆம் தேதி பவித்ரா அம்மையாரின் சுகாதார அமைச்சு பறிபோனது. தண்டனையா? இல்லை. போக்குவரத்து அமைச்சு கிடைத்தது.

இதுவரை சிரிக்க முடிந்தது. இனிச் சிரிக்க முடியாது.

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி: கொரோனாவில் இறந்த எவரையும் எரிக்க வேண்டும். புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பது காரணம். இது ஒரு காரணக் கூற்று. ஏற வேண்டிய மூன்று படியில் ஒன்றுகூட ஏறாத கூற்று. புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே எழுதியிருந்தது. உலகம் முழுவதும் புதைத்தார்கள். எந்த நாட்டுக் கிணற்றிலிருந்தும் கொரோனா ஏறி வரவில்லை. ஆனால் நம் நிபுணர்களுக்கு நம் மண் மட்டும் தனி மண். நம் தண்ணீர் தனித் தண்ணீர். புதைப்பவரின் மதமும் தனி மதம்.

டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன குழந்தை ஒன்றைப் பெற்றோர் கதறக் கதறப் பொரளையில் எரித்தார்கள். சனம் கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியது. 20 நாள் குழந்தையின் உடல் எந்த ஊர்க் குடிநீரை நாசமாக்கியிருக்கும்? யாராவது அளந்தார்களா? எந்தக் கருவியால்? எத்தனை அடி ஆழத்தில்? புதைக்கவும் செய்யலாம் என்று அதே டிசம்பரில் வேறொரு நிபுணர் குழு அரசிடமே சொன்னது. இலங்கை மருத்துவச் சங்கமும் சொன்னது. அறிக்கைகள் வந்தன, போயின. சூளை மட்டும் அணையவில்லை.

பிறகு நிலத்தடி நீர் திடீரென்று சுத்தமானது. 2021 பெப்ரவரி 23 பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 24 திரும்பிப் போனார். 25 புதைக்க அனுமதித்து வர்த்தமானி. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்கு வேண்டியிருந்தது. சாராமாறி: ஜெனீவா வாக்கு. சார்ந்தமாறி: நிலத்தடி நீரின் தூய்மை. இந்த நாட்டில் இவ்வளவு துல்லியமாக இரண்டு மாறிகள் சேர்ந்து நகர்ந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அனுமதி வந்தும் கொழும்பில் இறந்தவருக்குக் கொழும்பில் ஆறடி இல்லை. முதலில் இரணைதீவு என்றார்கள். தீவு மக்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பில் ஓட்டமாவடி. கொழும்பு மண்ணுக்கு ஆகாத பிணம் ஓட்டமாவடி மண்ணுக்கு ஆகுமாம். இங்கே கண்டது அங்கே பொருந்துமா என்ற நான்காவது கேள்வியை அதிகாரிகள் ஒருபோதும் கேட்பதில்லை என்று இனி யாரும் சொல்லக்கூடாது. கேட்டார்கள். பதிலை வரைபடத்தில் பார்த்து எழுதினார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அப்படி எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர். அந்த மன்னிப்புக்கு ஆதாரமாக வைத்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? மேற்பரப்பு நீருக்கு வைரஸ் போவது பாதுகாப்பாகப் புதைத்த உடலிலிருந்து அல்ல, மலத்திலிருந்தும் சிறுநீரிலிருந்தும். உயிரோடு இருந்தவர்களின் கழிவறையைப் பார்க்க வேண்டிய விஞ்ஞானம் செத்தவர்களின் கபனைக் கழற்றிக்கொண்டிருந்தது. அளப்பதற்கு முன்னால் எரித்தார்கள். எரித்த பிறகு அளந்தார்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றால் கொலைக்குப் பெயர் பிரேத பரிசோதனை.

பசளைக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாசகர் அதை வயிற்றால் படித்தவர். வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளுக்குச் சிறுநீரக நோய். துயரமான உண்மை. ஏன் வருகிறது என்று இன்னும் ஆராய்கிறார்கள். வெப்பம், தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைடு, விவசாய இரசாயனம் என்று பல சந்தேகம். களனிப் பல்கலைக்கழகத்து மறைந்த பேராசிரியர் நளின் டி சில்வா 2011இல் அதற்கு ஆர்செனிக் காரணம் என்றார். எப்படித் தெரியும் என்றால் நாத தெய்வம் சொன்னது என்றார். அதில்கூட எனக்கு ஆட்சேபனை இல்லை. கருதுகோள் கனவில் வரலாம், கடவுளும் சொல்லலாம். சோதித்த பிறகு சொன்னால் சரி. நம் ஊரில் சோதனை அடுத்த தேர்தலுக்கு ஒத்திவைக்கப்படும், தடை மட்டும் இன்றிரவே வரும்.

2015இல் கிளைபொசேட் களைகொல்லிக்குத் தடை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை முழுவதற்கும் தடை. மக்களின் ஆரோக்கியத்துக்காக என்றார் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. கையில் டொலர் இல்லை என்பது அப்போதே சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரருக்கும் தெரியும். நுவரெலியாவில் மரக்கறிக்குக் கொட்டாத பசளையா? அங்கே ஏன் அந்த நோய் அப்படிப் பரவவில்லை? இந்த ஒரு கேள்வி போதும், பசளையால்தான் சிறுநீரக நோய் என்ற காரணக் கூற்றைத் தள்ளாட வைக்க. கேட்டவர்கள் பசளைக் கம்பனியின் கையாட்கள் என்று பெயர் வாங்கினார்கள். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் கிருமி இருக்கிறது என்று கப்பலைத் திருப்பினோம். பசளை இறங்கவில்லை. ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் மட்டும் போனது. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் போய்விட்டது. அரிசியை வெளிநாட்டில் வாங்கினோம்.

2022 ஜூலையில் சனம் ஜனாதிபதி மாளிகை நீச்சல் தடாகத்தில் குளித்தது. பசளைத் தடையால்தான் ஆட்சி கவிழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். அது காரணக் கூற்று. ஒன்றையடுத்து மற்றது நடந்தது என்று மட்டும் பணிவோடு பதிவு செய்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'அவர்கள் அப்படித்தான்' என்று தமிழ் வாசகர் காலை நீட்டி உட்கார வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூஷன் பதாகைகளைப் பாருங்கள். எங்கள் வகுப்பில் படித்தவர் 9ஏ. பக்கத்தில் கண்ணாடி போட்ட பிள்ளையின் படம். நாலு கடை தள்ளி இன்னொரு பதாகை. அதே பிள்ளை, அதே கண்ணாடி, வேறு ஆசிரியர். ஒரு பிள்ளையின் மூளைக்கு நான்கு பேர் உரிமை கோருகிறார்கள். அதே வகுப்பில் காசு கட்டிச் சித்தியடையாத பிள்ளைகளின் படம் எங்கே? கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த வகுப்பைத் தேடிப் போனார்களா, வகுப்பு அவர்களைக் கெட்டிக்காரர் ஆக்கியதா? கேட்பதில்லை. காசை எண்ணிக் கொடுக்கிறோம். கொரோனாக் காலத்தில் குடும்ப வைபர் குழுவில் கொத்தமல்லியும் இஞ்சியும் 'ஆய்வில் நிரூபணம்' என்று அனுப்பாத மாமி ஒருவர் இருந்தால் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். நாம் மருந்தை வர்த்தமானியில் போடவில்லை. போட நம்மிடம் வர்த்தமானி இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாமி அனுப்பிய இஞ்சித் தண்ணீரால் கெட்டது ஒரு பிற்பகல். அரசு நம்பிய பொய்யால் கெட்டது ஒரு சமூகம். அதிகாரமுள்ளவன் அளக்காமல் சொன்னால் அது சட்டம். நொந்தவன் இல்லை என்று சொன்னால் அவனிடம்தான் ஆதாரம் கேட்கிறார்கள். மாத்திரை போடவில்லை என்று கடைக்காரன் நிரூபிக்க வேண்டும். கருத்தடை செய்யவில்லை என்று மருத்துவர் நிரூபிக்க வேண்டும். தன் குழந்தை தண்ணீரைக் கெடுக்காது என்று தகப்பன் நிரூபிக்க வேண்டும். கூற்றைச் சொன்னவன் மட்டும் மாலை போட்டுக்கொண்டு அடுத்த மேடைக்குப் போகலாம்.

அடுத்த கூற்றும் வரும். தேர்தல் வரும்போது வரும். மேடையில் ஒருவர் விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டுள்ளது என்று அடித்தொண்டையால் சொல்வார். கை தட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். எதை அளந்தீர்கள்? எத்தனை பேரில்? எதோடு ஒப்பிட்டு? பதில் வராது. கோபம் வரும். துரோகி என்பார். அதையே பதிலாக எழுதிக்கொள்ளுங்கள். தரவு இருப்பவன் தரவைக் காட்டுவான். இல்லாதவன் கொடியைக் காட்டுவான்.